இடது பக்கத்துக்காரன்

நான் மயக்க மருந்து டாக்டர். வெளியில் யாரிடமாவது இதைச் சொன்னால், அப்படியென்றால் ஆபரேஷன் நீங்கள் செய்வதில்லையா என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்பார்கள். நான் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் திறந்து கிடக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி தொங்கும். துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது வைத்தியம், இந்தப் பக்கம் நடப்பது தாலாட்டு என்பது அறுவை மருத்துவர்களின் உறுதியான எண்ணம். அந்தத் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தே என் உத்தியோகம் கழிந்திருக்கிறது. அதனால் எங்கள் மருத்துவமனையில் இதய அறுவையை எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்று என்னிடம் தாராளமாகக் கேட்கலாம். கற்றுத் தருவதில்லை.

வாசலில் மருத்துவக் கல்லூரி என்று ஆளுயர எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறது. உள்ளே இதய அறுவைப் பிரிவின் தலைவர் இருக்கிறார். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். உயரத்தில் சின்னவர்தான், அதனால் மேஜைக்கு வலது பக்கம் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். கை சுத்தம், வேகம், ஒரு தையல் பிசகாது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் அவர் பாடம் நடத்தும் முறையில்தான். பாடம் ஒரே சொல்: "பாரு."

பயிற்சிக்கு வரும் டாக்டர் வருடக்கணக்கில் பார்ப்பான். நெஞ்செலும்பை ரம்பத்தால் பிளந்து திறப்பது அவன் வேலை. இதயமும் நுரையீரலும் ஓய்வெடுக்கும் நேரத்தில் அவற்றின் வேலையைச் செய்யும் பம்ப் இயந்திரத்தோடு குழாய்களை இணைப்பதும் அவன் வேலை. எல்லாம் தயாரானதும் பெரியவருக்குத் தகவல் போகும். அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு வந்து, பலகையில் ஏறி, நடுவில் இருக்கும் அந்த முக்கியமான பகுதியைச் செய்துவிட்டு மறுபடி காபிக்குப் போய்விடுவார். பிறகு நெஞ்சை மூடுவதும் பயிற்சிக்காரன் வேலை. வீட்டை ஒருவன் கட்ட, இன்னொருவர் வந்து ரிப்பன் வெட்டுகிற ஏற்பாடு. ரிப்பன் வெட்டுபவர் பெயர்தான் கல்வெட்டில் இருக்கும்.

இதில் எங்கள் பிரிவுக்கே உரிய விசேஷம் ஒன்று உண்டு. எந்த ஊர் மருத்துவமனையிலும் அறுவை செய்பவர் நோயாளியின் வலது பக்கம் நிற்பார், உதவிக்கு நிற்பவர் இடது பக்கம். பெரியவர் இல்லாதபோது நெஞ்சைத் திறக்கும் பயிற்சிக்காரன் வலது பக்கம் போய் நின்றால் என்ன குறைந்துவிடும்? எங்களிடம் அது நடக்காது. பலகையை நகர்த்தக் கூடாது, விளக்கைத் திருப்பக் கூடாது. வலது பக்கம் அவருடைய இடம். அதனால் திறப்பது, குழாய் இணைப்பது, மூடுவது எல்லாமே இடது பக்கத்திலிருந்துதான். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்தால் சிரிப்பார்கள். யாரும் வந்து பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது கொக்கி என்ற பயிற்சிக்காரனைப் பற்றி. முதல் வருடம் முழுக்க, வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேர் ஒட்டிக்கொண்டது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், வளர்ந்ததற்காக வெட்கப்படுபவன்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பான். அம்மா ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் காலர் தைத்துப் படிக்க வைத்தவர். தையல் கை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். வீட்டில் பழைய தலையணை உறைக்குள் தோல் துண்டுகளை வைத்துத் தைத்துப் பழகுவான் என்று அவன் மனைவியே என்னிடம் புலம்பியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், கிழிந்த எதையும் வீட்டில் தூக்கிப் போட முடியவில்லையாம்.

மாமனார் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். தபாலை விட வேகமாகச் செய்தி பரப்பக்கூடியவர். மாப்பிள்ளை ஆயிரம் இதயங்களைச் சரி செய்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முடி வெட்டும் கடையில் கொக்கிக்கு இடம் விட்டு எழுந்து நிற்பார்கள். அவன் நெளிவான். ஆயிரம் இதயங்களைப் பார்த்தது உண்மை. ஒன்றின் உள்ளேகூட அவன் ஊசி போனதில்லை.

பயிற்சி முடியும் நேரம் நெருங்கியபோது அவனுக்கு வேலை உத்தரவு வந்தது. வேறொரு ஊரில் புதிதாகத் தொடங்கும் இதய அறுவைப் பிரிவு. அங்கே அவன் ஒருவன்தான் டாக்டர். மாமனார் இனிப்பு வாங்கிக்கொண்டு எங்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டார். அன்று சாயங்காலம் கொக்கி டீ ரூமில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். டீயைத் தொடவில்லை.

"மேடம், எனக்கு எல்லாம் தெரியும். ஒண்ணுகூட செஞ்சதில்ல. அங்க என்னை நம்பி வந்து படுக்கிற முதல் ஆளை நான் கொன்னுட்டேன்னா?"

மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னான். உட்கார்ந்த இடத்தில் வேலை, கோட்டும் டையும் தருவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் நின்று கால் வீங்கியது டை கட்டுவதற்கா? அவனைத் திட்டுவதா அவரைத் திட்டுவதா என்று தெரியாமல் மறுநாள் நேராகப் பெரியவர் அறைக்குப் போனேன். ஒரே ஒரு கேஸையாவது அவன் கையில் கொடுங்கள் என்றேன். நோயாளி என்னை நம்பித்தானே வருகிறான், அவனை ஏமாற்றலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த ஊர் நோயாளிகள் யாரை நம்பி வருவார்கள் என்று நான் கேட்டபோது அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது.

ஆனால் பெரியவர் மனம் சீக்கிரமே மாறியது. மாற்றியது நானல்ல. பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா, மாணவர்கள் சொந்தக் கையால் அறுவை செய்கிறார்களா என்று பார்க்க இரண்டு பேர் கொண்ட குழு வருவதாகத் தகவல் வந்திருந்தது. பெரியவர் கொக்கியைக் கூப்பிட்டு, குழு வரும் நாளில் வால்வு மாற்றும் கேஸை நீ செய்கிறாய் என்றார். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அவர் விளக்கமும் சொன்னார். குழாய் இணைக்கும் கட்டம் வரை கொண்டுவந்து வைத்துக்கொண்டு, குழு கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும்போது, அவன் வலது பக்கம் நிற்க வேண்டும். கையில் ஏதாவது கருவி இருக்க வேண்டும். அவர்கள் நகர்ந்ததும் அவர் உள்ளே வந்துவிடுவார். ஜவுளிக் கடை வாசலில் பொம்மைக்குப் புடவை சுற்றி நிறுத்தி வைப்பார்களே, அந்த உத்தியோகம்.

மலர்ந்த முகம் வாடிவிட்டது. சரி சார் என்றான். அவரிடம் அவன் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைய நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. சரியாகத் திறக்காது, சரியாக மூடவும் மூடாது. நான் மயக்கம் கொடுப்பதற்கு முன், பெரிய டாக்டர் வந்துவிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டார். இங்கேதான் இருக்கிறார் என்றேன். பொய்யில்லை. அவர் அப்போது இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழுவுக்குப் பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

கொக்கி வழக்கம்போல் இடது பக்கம் நின்று நெஞ்சைத் திறந்தான். அவனுடைய ஜூனியர் பெண் உதவிக்கு நின்றாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே என் திரையில் இருந்த கோடு கிறுக்கலாக மாறியது. இதயம் அடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பித்திருந்தது. ரத்த அழுத்தம் இல்லை என்றேன். கொக்கி ஒரு கையால் இதயத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டே மறு கையால் குழாய்களை வாங்கி, ஜூனியர் பிடித்துக்கொடுக்க, சொருகிக் கட்டினான். பம்ப் ஓடத் தொடங்கியது. இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்டக்டருக்கு உயிர் இருந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. வால்வு மூடாத வால்வு அல்லவா? பம்ப் அனுப்பும் ரத்தம் அந்த ஓட்டை வழியாக இதயத்துக்குள்ளேயே திரும்பி வந்தது. நடுங்கும் இதயத்தால் அதை வெளியே தள்ள முடியாது. கண்ணெதிரே இதயம் உப்பிக்கொண்டே போனது. அப்படியே விட்டால் சதை நைந்து, பிறகு எந்த வால்வைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. பெரிய ரத்தக்குழாயைக் கிளாம்ப் போட்டு மூடி, வெட்டித் திறந்து, இதயத்தை மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். அதாவது ரிப்பன் வெட்ட வேண்டும்.

பெரியவருக்கு போன் போட்டார்கள். நர்ஸ் போனைக் கொக்கியின் காதருகே பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"எதையும் தொடாதே. வந்துட்டே இருக்கேன்."

"எங்க சார் இருக்கீங்க?"

"லிஃப்ட்ல."

"லிஃப்ட் ஓடுதா சார்?"

பின்னால் யாரோ, குழுவில் ஒருவராக இருக்க வேண்டும், மூச்சு முட்டுகிறது என்று சொல்வது கேட்டது. எங்கள் லிஃப்டைப் பற்றி ஊழியர்களுக்குத் தெரியும், யாரும் ஏற மாட்டோம். மாணவர்கள் சொந்தக் கையால் அறுவை செய்கிறார்களா என்று பார்க்க வந்தவர்களும், செய்ய விடாதவரும், இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரே பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வரும்வரை காத்திரு என்று மட்டும் பெரியவர் இன்னொரு தடவை சொன்னார். லைன் போய்விட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் வயதில் மூத்தவள் நான்தான். தாலாட்டு பாடுபவளுக்குத் திடீரென்று இத்தனை மரியாதை.

"லிஃப்ட் நின்னது இதயத்துக்குத் தெரியாதுப்பா," என்றேன். "அது வீங்கிட்டே இருக்கு. நீ செய்யலைன்னா செய்ய ஆள் இல்ல."

கொக்கி தலையசைத்தான். பிறகு, விதிமுறையைத் தட்டாதவன் ஆயிற்றே, மேஜையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான். அறுவை செய்பவர் வலது பக்கம் நிற்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. பெரியவருடைய பலகை முட்டியில் இடித்தது, அதன்மேல் ஏறினான், தலை விளக்கில் இடித்தது, இறங்கினான். ஜூனியர் அவன் விட்ட இடத்துக்குப் போய் நின்றாள். கிளாம்பைக் கையில் வாங்கினான். அப்புறம் அசையவில்லை.

பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவன் கை காற்றில் ஒரு தடவை தவறான திசையில் போய்த் திரும்பியதைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான், ஆனால் ஆயிரம் தடவையும் இடது பக்கத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் இருப்பது இங்கே கிட்டத்தில் இருக்கிறது. ஊசி போக வேண்டிய திசையெல்லாம் தலைகீழ். தன் வீட்டுக்குக் கொல்லைப்புறமாக நுழைந்தவன் சுவிட்சைத் தேடுவதுபோல் அவன் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் பயிற்சியின் லட்சணம் அது. ஒரு மனிதனை வருடக்கணக்கில் தயார் செய்து, அவனால் நிற்க முடியாத ஒரே இடமாக அவன் நிற்க வேண்டிய இடத்தை ஆக்கி வைத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. முகக்கவசம் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"இடம் மாறிக்கலாம்," என்றான் கொக்கி.

ஜூனியருக்குப் புரியவில்லை. நீங்கள்தானே செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம், நான்தான், அதனால்தான் என்றான். திரும்பவும் மேஜையைச் சுற்றி இடது பக்கம் வந்து நின்றான். அவள் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். விளக்கைத் தன் பக்கம் திருப்பச் சொன்னான். அந்த விளக்கு திரும்பும் என்பதே நர்ஸுக்கு அன்றுதான் தெரியும்.

அதற்கப்புறம் அவன் நிற்கவில்லை. கிளாம்ப் போட்டான். ரத்தக்குழாயைத் திறந்தான். உள்ளே தெரிந்த, இதயத்துக்கே ரத்தம் போகும் இரண்டு சின்ன வாய்களிலும் குளிர்ந்த மருந்தைச் செலுத்தினான். நடுக்கம் அடங்கி, இதயம் அசையாமல் கிடந்தது. வால்வை வெட்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது, சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டுபோல் கடகடவென்று சத்தம் கேட்டது. புது வால்வை இறக்கி, சுற்றிலும் தையல் போட ஆரம்பித்தான். பெரியவரின் வேகம் இல்லை. ஒரு தையலைப் போட்டுவிட்டு உற்றுப் பார்த்தான், பிடிக்கவில்லை, எடுத்துவிட்டு மறுபடி போட்டான். பெரியவர் கையாக இருந்திருந்தால் அது அப்படியே இருந்திருக்கும், நன்றாகவும் இருந்திருக்கும். இவனுக்கு நன்றாக இருந்தால் போதவில்லை. காலர் தைத்தவரின் பிள்ளை.

வெட்டிய ரத்தக்குழாயையும் தைத்து மூடி, கடைசி முடிச்சுகள் விழுந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. பெரியவர். லிஃப்ட் கதவைக் கடப்பாரையால் நெம்பி மூன்று பேரையும் வெளியே இழுத்திருந்தார்கள். கை கழுவி, கவுன் மாட்டி, நேராக வந்து தன் பலகையில் ஏறினார். ஜூனியர் தானாக விலகிக்கொண்டாள். குனிந்து பார்த்தார். செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? நீட்டினார். நர்ஸ் என்ன கொடுப்பது என்று தெரியாமல் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். கொக்கி ஒரு முடிச்சைப் போட்டு நூல் நுனிகளைத் தூக்கிப் பிடித்தான். பெரியவர் வெட்டினார். அடுத்ததையும் வெட்டினார். நூல் வெட்டுவது உதவியாளர் வேலை. வெகு காலத்துக்குப் பிறகு அதைச் செய்தார், ஒழுங்காகவே செய்தார்.

கண்ணாடிக்கு வெளியே குழு வந்து நின்றது அந்த நேரம் பார்த்துத்தான்.

கிளாம்பை எடுத்தோம். ஒரு மின் அதிர்ச்சி கொடுத்ததும் கண்டக்டரின் இதயம் அடிக்கத் தொடங்கியது. பம்ப்பை மெதுவாகக் குறைத்து நிறுத்தினோம். அது தானாக ஓடியது. கொக்கி நெஞ்சை மூடினான்.

பிறகு குழுவின் மூத்தவர் தன் கருத்தை அருளினார். லிஃப்டில் மாட்டிக்கொண்டு வந்த பதற்றம் துளியும் இல்லாமல் பெரியவர் இத்தனை பெரிய ஆபரேஷனை முடித்துவிட்டாராம், இப்படி ஒரு நிதானத்தை அவர் பார்த்ததே இல்லையாம். வலது பக்கம் நின்றார் அல்லவா, அப்படியென்றால் செய்தவர் அவர்தான். மேற்பார்வை பார்க்க வந்தவருக்கு வேறு என்ன தெரியும்? கொக்கியின் தோளிலும் தட்டிக் கொடுத்தார். பையன் நன்றாக உதவி செய்கிறான், இவனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"நாங்கதான் பண்ணோம்," என்றார்.

அந்த 'நாங்க'ளில் பாதி, முக்கால்வாசி நேரம் லிஃப்டில் இருந்தது. சொல்லும்போது அவர் கொக்கியின் பக்கம் பார்க்கவில்லை. குழுவைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனவர், என்னைக் கடக்கும்போது மட்டும், தையல் நன்றாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். அதை அவனிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்லலாம் சொல்லலாம் என்று போய்விட்டார்.

கொக்கியிடம் நீ ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை, அவனுக்கும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன். அவங்க எழுதுறதை எழுதிக்கட்டும் மேடம் என்றான். சரி, அந்த ஊருக்குப் போகிறாயா, டை கட்டப் போகிறாயா என்று கேட்டேன். முதலில் நோயாளியின் வீட்டம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான்.

அதுவும் வழக்கம் இல்லை. வீட்டாரிடம் பேசுவது பெரியவர்தான், பயிற்சிக்காரன் பின்னால் நின்று தலையாட்டுவான். பெரியவர் சாப்பாட்டு மேஜையில் இருந்ததால் இவன் தனியாகப் போனான். நான் பின்னால் போனேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆபரேஷன் முடிந்தது, இதயம் நன்றாக ஓடுகிறது என்று கொக்கி சொன்னான். நடுவில் இதயம் நின்றதையும் மறைக்காமல் சொன்னான். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"பெரிய டாக்டர்தானே செஞ்சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவருக்கும் நிம்மதி, இவனுக்கும் நிம்மதி. குழுவே சொல்லிவிட்டது. அவன் ஆமாம் என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன்.

"இல்லம்மா. நான் செஞ்சேன்."

அந்த அம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார். "அவர் செய்வார்னு நம்பித்தானே கையெழுத்து போட்டேன்," என்றார்.

"தெரியும்மா. அவரால வர முடியாம போச்சு, காத்திருந்தா உங்க வீட்டுக்காரர் பிழைச்சிருக்க மாட்டார். வால்வு போட்டது நான். அவருக்கு மூச்சு வாங்கினாலும் சரி, ரத்தம் கசிஞ்சாலும் சரி, நான்தான் பொறுப்பு. வேற யாரையும் தேட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்க."

தோளைக் குறுக்காமல் நின்று அவன் பேசி அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. பயம் போகவும் இல்லை. மூடியிருந்த கதவைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார்.

"அப்போ நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது," என்றார்.

"போகல," என்றான் கொக்கி. ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவோரம் போட்டு உட்கார்ந்தான்.